சும்மா உட்கார்ந்திருந்த ஏட்டு

அந்தப் படத்தில் கொலை செய்தது யார் என்பதை இடைவேளைக்கு முன்பே கண்டுபிடித்து, பக்கத்தில் இருந்த மகளின் காதில் சொல்லிவிட்டேன். நான் சொன்னது சரியாகவும் இருந்தது. அதற்காக அவள் என்னைப் பாராட்டவில்லை. கொச்சியில் படம் முடிந்து படகில் எங்கள் மட்டாஞ்சேரிக்குத் திரும்பும்போது, "கொலைகாரன் கெடக்கட்டும். அந்த ஏட்டு எப்படி இருந்தார், அதப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

பார்க்கவில்லை. மலைப்பக்கத்து ஊரில் ஒரு கொலை, துப்பறியும் இன்ஸ்பெக்டராகப் பெரிய நடிகர். அவருக்குப் பின்னால் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் ஏட்டை யார் பார்ப்பார்கள்? ஆனால் என் மகள் சொன்னால் அதில் விஷயம் இருக்கும். எர்ணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். பொட்டு ரத்தத்தை வைத்துக்கொண்டு உற்றுப் பார்க்கிற வேலை. படம் ஓடிடியில் வந்ததும் ஒரு ஞாயிறு மத்தியானம் டிவியில் மறுபடி போட்டேன். அன்றோடு நான் அந்த ஏட்டின் அடிமை ஆனேன்.

படம் முழுக்க அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வசனம்தான். மற்ற நேரமெல்லாம் அடுத்தவர் பேசுவதைக் கேட்கிறார். கேட்பதாக நடிக்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள், இவர் ஆட்டுவதில்லை. சந்தேகத்தில் பிடித்து வந்த பெண் வாயைத் திறந்ததும் பேனாவை மூடி வைத்துவிடுகிறார். நாற்காலியை முன்னால் இழுக்காமல் ஒரு சாண் பின்னால் தள்ளிக்கொள்கிறார். இன்ஸ்பெக்டர் கேள்வி மேல் கேள்வியாகப் போட்டும் அந்தப் பெண் அசைவதில்லை. அவர் போன் பேச வெளியே போன இடைவெளியில், ஏட்டிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறாள். ஏட்டு செய்தது ஒன்றுமே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

சும்மா உட்காருவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மிக்ஸியைக் கையில் தூக்கி வருகிறவர் வாயைத் திறப்பதற்குள், "கர்னு சத்தம் வருது, ஆனா சுத்தல, அதானே?" என்று கேட்டுவிடுவேன். அவர் அசந்துபோவார். பாதிப் பேச்சிலேயே நோயைப் பிடிப்பதுதான் என் கெட்டிக்காரத்தனம் என்று இருபத்தைந்து வருஷமாக மார்தட்டிக்கொண்டிருந்தேன். அதே கெட்டிக்காரத்தனத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுபோனேன்.

அப்போது மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. திருப்பூணித்துறையில் நம் ஆட்கள், நல்ல குடும்பம், பையனும் தங்கமானவன். நிச்சயத்துக்குப் பிறகு அவள் அடிக்கடி என் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, ஒரு காரியம்" என்பாள். "சேலைதானே? ஒனக்குப் பிடிச்ச கலர எடு" என்பேன். இன்னொரு நாள், "அப்பா, ஒரு காரியம்." "லீவு குடுக்கலியா? போய்க் கேளு, குடுப்பாங்க." மற்றொரு நாள், "பயமா இருக்கா? எல்லாப் பொண்ணுக்கும் இருக்கிறதுதான்." ஒவ்வொரு தடவையும் "ம்" என்று உள்ளே போய்விடுவாள். பிரச்சினையைத் தீர்த்து வைத்த நிம்மதியில் நானும் சாயா குடிக்கப் போய்விடுவேன்.

மனைவிதான் ஒருநாள் பிடித்து நிறுத்தினாள். "அவ எதையோ மனசுல வச்சிட்டு நடக்கிறா. நான் கேட்டா, அப்பாட்டதான் சொல்லணுங்கிறா. ஒங்ககிட்ட எங்க சொல்ல? அவ வாயில இருந்து பிடுங்கிப் பேசுறீங்களே. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு, நெனப்பிருக்கா?"

கோபம் வந்தது. கோபத்தோடு பயமும் வந்தது. அதன் பிறகு ஞாயிறுதோறும் அந்தப் படத்தை நான் பார்த்தது பொழுதுபோக்குக்கு அல்ல. ஏட்டு முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறார், கையை எங்கே வைக்கிறார் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்த வித்தையைக் கற்றுக்கொண்டால் என் பெண்ணும் என்னிடம் வாயைத் திறப்பாள் என்று நம்பினேன்.

முதலில் கடையில் பழகிப் பார்த்தேன். பழம்பொருள் கடையில் வேலை செய்யும் ஒரு மலையாளிச் சேட்டன் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்பேனரைக் கீழே வைத்தேன், ஸ்டூலைப் பின்னால் தள்ளினேன், தலையை ஆட்டாமல் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் பேசப் பேசக் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில், "எந்தா அண்ணா, இது இனி சரியாவூலே?" என்று கேட்டு, பதிலுக்கும் நிற்காமல் ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என் முகத்தைப் பார்த்து ஃபேனுக்கு ஆயுசு முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் அதே முகத்தை மனைவியிடம் வைத்துப் பார்த்தேன். "பல்லு வலிக்குதா?" என்றாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மகள் தானாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் எனக்குக் காட்டிய நடிகர் அல்லவா? நான் கண்டுபிடித்ததையெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டாமா? "இப்ப பாரு, பேனாவ மூடுவாரு. பாத்தியா? இப்ப நாற்காலி" என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் ஏட்டிடம் எல்லாவற்றையும் கொட்டும் காட்சி வந்தது. மகள், "அப்பா, எனக்கு..." என்றாள். "ஸ், இரு. இந்த ஆள் எப்படிக் கேக்குறான்னு பாரு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

டிவியை அணைத்தேன். என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, நீங்க பாருங்க" என்றாள். அப்போது எனக்கு ஏட்டும் நினைவில்லை, ஒரு வித்தையும் நினைவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"கல்யாணத்துக்கு அப்புறம் லேபுக்குப் போவண்டாம்னு அவங்க வீட்டுல சொல்லிட்டாங்கப்பா. அவரும் அப்படித்தான் சொல்றார். நான் வேலைய விடமாட்டேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, ஊர் என்ன சொல்லும், பேசினால் அவர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று எல்லாமே நாக்கு நுனியில் வந்து நின்றன. விழுங்கினேன். சொல்லத் துணிந்தவள் நடுவில் நின்றுவிடக் கூடாதே என்ற கவலை மட்டும்தான் இருந்தது. அவர்களிடம் இரண்டு தடவை பேசிப் பார்த்தாளாம். பையன் சிரித்து மழுப்பிவிட்டானாம். முடித்ததும், "நிச்சயம் முடிஞ்ச வாரமே ஒங்ககிட்ட சொல்ல வந்தேன்" என்றாள். குற்றம் சொல்லும் குரலில்கூட அவள் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் திருப்பூணித்துறைக்குப் போனேன். தானும் வருவதாகப் பிடிவாதம் பிடித்தவளைப் பஸ் ஸ்டாப்பில் நிற்க வைத்துவிட்டு நான் மட்டும் அந்த வீட்டுக்குப் போனேன். பையனின் அப்பா ஒரு மணி நேரம் பேசினார். மானம், மரியாதை, என் வளர்ப்பு என்று ஒன்றையும் விடவில்லை. நடுநடுவே என் பதிலுக்காக நிறுத்தினார். என்னிடம் நல்ல சூடான பதில்கள் இருந்தன. அவருக்கும் ஒரு பிள்ளை, அவருக்கும் வலிக்கும் என்று பேசாமல் இருந்தேன். எல்லாம் கேட்டு முடித்து, "மன்னிச்சிடுங்க. அவளுக்கு இஷ்டமில்ல, எனக்கும் இல்ல" என்று மட்டும் சொல்லி எழுந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். முடிந்துவிட்டது என்றதும் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு ஆரம்பித்தாள். லேபில் அவளுக்கு ஆகாத ஒருத்தி, தன்னோடு சோறு பங்கிடும் தோழி, மேற்கொண்டு படிக்க நினைக்கும் படிப்பு, சின்ன வயதில் என்னிடம் சொல்ல வந்து சொல்லாமல் போன ஒரு காய்ச்சல் நாள். மட்டாஞ்சேரியில் இறங்கும்வரை பேசிக்கொண்டே வந்தாள். பிறந்த நாளிலிருந்து என் வீட்டில் இருப்பவளுக்கு இத்தனை பேச்சு உண்டு என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.