சுப்பராயலு போகாமல் இருந்த மாதங்கள்

சேலையூர் கேம்ப் ரோட்டில் பெயிண்ட், பைப் விற்கும் கடை வைத்திருப்பவர் சுப்பராயலு. கல்லாவில் அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. அது அவருடைய மனைவி கிளியம்மாளின் இடம். கணீரென்ற குரல். பிளம்பர்களையும் மேஸ்திரிகளையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு அதட்டி வேலை வாங்குவாள். புருஷனையும் அப்படித்தான். "இன்னாய்யா, அந்த முக்கால் இஞ்ச் எல்போ எடுத்தாரச் சொன்னா இன்னும் தேடிக்கினு கீறே?" என்று அவள் கத்துவது எதிர்ச்சாரி வரை கேட்கும். சுப்பராயலு சிரித்துக்கொண்டே எடுத்து வருவார்.

அவளுக்கு மறதி வந்ததை முதலில் யாரும் நோயாக நினைக்கவில்லை. பல்லாவரத்திலிருந்து வந்த மகள் தீபாவைப் பார்த்து, "உனக்கு இன்னா கலரு வோணும்?" என்று அவள் கேட்டபோதுதான் வீடே பயந்தது. அதற்கப்புறம் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறப்பதும், சொந்த வீட்டில் பாத்ரூம் தேடுவதுமாக ஆயிற்று. ஒருநாள் விடியற்காலையில் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில், இரண்டு பக்கமும் பஸ் போக, நடுவிலிருந்த தடுப்பின் மேல் உட்கார்ந்திருந்தவளைப் போக்குவரத்துக் காவலர் ஒருவர்தான் பார்த்துப் பிடித்து வைத்திருந்தார். அன்றைக்கு தீபா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உன்னால முடியலப்பா. ஒத்துக்கோ."

அவர் ஒத்துக்கொண்டார்.

மறதி நோய்க்காரர்களைத் தங்கவைத்துப் பார்க்கும் அந்த இல்லம், ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. கிளியம்மாளின் இடது கையில் ஒரு வாட்ச் கட்டினார்கள். அது மணி காட்டாது. நாடித் துடிப்பு, தூக்கம், நடமாட்டம் எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அவள் கேட்டை நெருங்கினாலோ, துடிப்பு எகிறினாலோ நர்ஸ் ஞானஜோதியின் போன் அலறும். சனிக்கிழமைகளில் டாக்டர் ரேஷ்மா டேப் திரையில், வீடியோ காலில் வருவார். அவர் இருப்பது நகரத்துக்குள், பெரிய ஆஸ்பத்திரியில். வாட்ச் அனுப்பியதையெல்லாம் பார்த்துவிட்டு, கிளியம்மாளிடமும் நாலு வார்த்தை பேசுவார்.

சுப்பராயலு தினமும் சாயங்காலம் கடையை வேலைக்காரப் பையனிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் போனார். அவரைப் பார்த்ததும் கிளியம்மாள் எழுந்துவிடுவாள். "வந்துட்டியா? வா, வூட்டுக்குப் போலாம்." பேசிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அதே பேச்சு. கிளம்பும்போது அவள் கையைப் பிரித்தெடுக்க முடியாமல், "இரு, வண்டி சாவிய எடுத்துக்கினு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வருவார். நாளைக்கு வந்தால் இதை மறந்திருப்பாள் என்று நினைத்தார். அது உண்மைதான். ஆனால் அவர் போன பிறகு அவள் என்ன செய்தாள் என்று அவருக்குத் தெரியாது.

ஒருநாள் அவர் போனபோது அவள் நெற்றியில் தையல் போட்டிருந்தது. முந்தின நாள் கேட் பக்கத்தில் விழுந்துவிட்டாளாம். அந்தச் சனிக்கிழமை டாக்டர் அவரையும் டேப்புக்கு முன்னால் உட்காரச் சொன்னார்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்தவுடனே அம்மாவோட துடிப்பு ஏற ஆரம்பிக்குது. போனப்புறம் இன்னும் ஏறுது. ராத்திரி தூக்கமே இல்ல. நடுவுல நீங்க வர முடியாமப் போன ரெண்டு மூணு நாள்ல நல்லா தூங்கியிருக்காங்க. கொஞ்ச நாள் வராம இருந்து பாக்கலாமா?"

சுப்பராயலுவுக்குக் கோபம் வந்தது. "ஒரு வாட்ச் சொல்லுதுன்னு என் பொஞ்சாதிய நான் பாக்காம இருக்கணுமா, டாக்டரம்மா? அதுக்கு இன்னா தெரியும்?"

டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்த ஞானஜோதிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"வாட்ச் மட்டும் இல்லப்பா. நானே பாக்கறேன். நீங்க போனதும் கேட்டைப் பிடிச்சிட்டு நிப்பாங்க. உள்ள கூப்பிட்டா வரமாட்டாங்க. 'எங்க வூட்டுக்காரரு சாவி எடுக்கப் போயிருக்காரு, வந்துடுவாரு'ன்னு சொல்லிட்டே இருப்பாங்க. இருட்டினாலும் நிப்பாங்க. கால் ஓஞ்சு போய்தான் அன்னைக்கு விழுந்தாங்க."

சுப்பராயலு அன்றைக்குக் கிளியம்மாளைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார்.

தீபா அவர் போனில் ஒரு ஆப்பைப் போட்டுக்கொடுத்தாள். அதில் கிளியம்மாளின் துடிப்பு தெரியும். கல்லாவில் போனை நிறுத்தி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளை கேட்டவருக்கு க்ரீம் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அவர் போவதை நிறுத்திய பிறகும், சாயங்காலம் ஆனால் அந்தத் துடிப்பு ஏறியது. தீபாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னும் தேடறாம்மா. அங்க அவ நெஞ்சு அடிச்சிக்கினு கீது, நான் இங்க குந்திக்கினு கீறேன்." ஒருநாள் தாங்கமாட்டாமல் வண்டியை எடுத்தார். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் பச்சை விழுந்தும் நகராமல் நின்றார். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டார்.

கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஏற்றம் குறைந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், மற்ற நேரங்களில் இருப்பதுபோலவே துடிப்பு ஒரே சீராக இருந்தது. மறுநாளும் அப்படியே. அவள் நன்றாகத் தூங்குவதாகவும், உடம்பு தேறியிருப்பதாகவும் டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். தீபாவும் சந்தோஷப்பட்டாள். சுப்பராயலு, "நல்லதும்மா" என்றார். அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டார்.

தை பிறந்த பிறகு, போய்ப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். கிளியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. நெற்றித் தழும்பு மங்கியிருந்தது. அவரைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"யாரப் பாக்கணும் உங்களுக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை 'நீங்க' என்று சொன்னதே இல்லை. கதவுப் பக்கத்தில் நின்ற ஞானஜோதி தன் போனைப் பார்த்தாள். அது சத்தம் போடவில்லை.

"சும்மாதாம்மா. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"நிக்கிறீங்களே, குந்துங்க. வூட்ல யார் யார் கீறாங்க?"

"நான் மட்டுந்தான்."

"அய்ய, பாவமே. அப்போ சோத்துக்கு இன்னா பண்றீங்க?"

"நானே பொங்கிக்கிறேன்."

"ஒண்டியா எப்பிடித்தான் துன்றீங்களோ" என்றாள் கிளியம்மாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள். ஞானஜோதி கொண்டுவந்த டீயோடு தனக்கு வந்த பிஸ்கட்டை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். சுப்பராயலு அதை டீயில் நனைத்துத் தின்றார். நனைத்த பாதி உடைந்து டம்ளருக்குள் விழுந்தது. அதைப் பார்த்து அவள் சிரித்தாள்.

இப்போது அவர் மறுபடியும் தினமும் போகிறார். டாக்டர் தடை சொல்வதில்லை. அவர் எழுந்து கிளம்பும்போது கிளியம்மாள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.