தீக்குச்சியில் ஓடிய ஃபிரிட்ஜ்

போன வாரம் சாமி பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டேன். கூட்டம் மொத்தமும் திரும்பி என்னை முறைத்தது. எனக்கு இன்றுவரை துளிகூட வருத்தமில்லை!

என் புகுந்த வீட்டுக் குலதெய்வம் குளத்தூர்ப் பக்கம் ஒரு பொட்டல் காட்டில் இருக்கிறது. வருஷம் ஒருமுறை பங்காளிகள் எல்லோரும் கூடி, பகலும் ராத்திரியும் அங்கேயே தங்கிப் பொங்கல் வைப்போம். கரண்ட் கம்பமே கிடையாது. மைக் செட்காரர் கொண்டுவரும் ஜெனரேட்டர்தான் எல்லாம். இதையேதான் டவுன்காரர்கள் காசு கட்டி, கேம்பிங் என்று போகிறார்கள்...

இந்தத் தடவை நான் கார் ஃபிரிட்ஜையும் எடுத்துப் போனேன். அறந்தாங்கியில் இருக்கும் என் தம்பி, துபாய் வேலையை முடித்துக்கொண்டு வந்தபோது கொண்டுவந்தது. "எதுக்குத்தா இந்தப் பொட்டி?" என்று கேட்டவர்களிடம் எல்லாம் "பிள்ளைகளுக்கு ஜூஸ்" என்றேன்.

மேலே ஜூஸ் இருந்தது உண்மை. அடியில் ஒரு டப்பாவுக்குள் சுபாவின் ஊசி மருந்து இருந்தது.

சுபா என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி. (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.) கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன, குழந்தை இல்லை. திருச்சியில் சிகிச்சை நடக்கிறது. தினமும் சாயங்காலம் ஓர் ஊசி. மருந்து இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். சூடானாலும் கெட்டுவிடும், உறைந்தாலும் கெட்டுவிடும். கெட்டால் இந்த மாத சிகிச்சை மொத்தமும் வீண். கோயிலுக்கு வராமலும் இருக்க முடியாது. ஏன் வரவில்லை என்று ஆளாளுக்குக் கேட்பார்கள்.

"யாருக்கும் தெரிய வேணாம்க்கா" என்றாள். என்னை நம்பித்தான் கிளம்பினாள்.

நம்பியவளை விட்டுவிடுவேனா? முதல் நாளே வீட்டுக் கரண்டில் ஃபிரிட்ஜைக் குளிரவைத்தேன். ஐந்து டிகிரியில் செட் பண்ணி, உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டரும் போட்டேன். ஓடும்போது கார் சார்ஜர். காரை நிறுத்தியதும் இதற்கென்றே வாங்கிய லித்தியம் பேட்டரிப் பெட்டி. இன்ஜின் ஓடாதபோது காரின் பேட்டரியை உறிஞ்சினால் மறுநாள் கார் தள்ள ஆள் பிடிக்க வேண்டுமே! வெயிலில் மூடிய காருக்குள் வைத்தால் அடுப்பில் வைத்த மாதிரி. அதனால் புளியமர நிழலில், சுற்றிலும் காற்று போக இடம் விட்டு வைத்தேன்.

பிறகு பொங்கல் பானையைக் கவனிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் — ஃபிரிட்ஜைக் காணோம்!

அது ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. என் கணவரின் சித்தப்பா, எங்கள் சின்ன மாமா, பெருமையாக நின்றுகொண்டிருந்தார்.

"ஒன் பேட்டரி தீந்துருமேன்னு இங்கிட்டு கொண்டாந்து லைன் குடுத்துட்டேன்த்தா. இனி விடிய விடிய ஓடும்!"

எப்படிக் கொடுத்தார்? ஃபிரிட்ஜ் பையில் கிடந்த வீட்டுக் கரண்ட் ஒயரில் இருப்பது வெளிநாட்டு பிளக். மூன்று சதுரக் கால்கள், நான் வீட்டிலேயே விட்டுவந்த அடாப்டர் இல்லாமல் நம் ஊர் சாக்கெட்டில் நுழையாது. மாமா அசரவில்லை. பிளக்கை நறுக்கி எறிந்துவிட்டு, ஒயரைப் பல்லால் உரித்து, செம்புக் கம்பிகளை ஓட்டைகளில் விட்டு, ஆடாமல் இருக்கத் தீக்குச்சிகளைச் செருகியிருந்தார். சிரிக்காதீர்கள்... உங்கள் வீட்டில் யாரும் இதைச் செய்ததே இல்லையா?

அந்த சாக்கெட் போர்டு தரையில் கிடந்தது. பொங்கலுக்குத் தூக்கிவந்த தண்ணீர் சிந்தித் தரையெல்லாம் ஈரம். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். பக்கத்திலேயே டீசல் கேன். போதாக்குறைக்கு ஃபிரிட்ஜின் மேல் ஒரு ஜமுக்காளம் — வெயில் படாமல் மூடியிருக்கிறாராம்! சூடு வெளியேறும் ஓட்டைகளும் சேர்ந்து மூடிக் கிடந்தன.

நான் யாரையும் கேட்கவில்லை. ஜெனரேட்டரை ஆஃப் பண்ணினேன். அப்போதுதான் பாட்டு நின்றது.

"ஒரு ஜூஸ் பொட்டிக்கா சாமி பாட்ட நிப்பாட்டுவ?" மாமாவின் முகம் சிவந்துவிட்டது.

"ஒயரைப் பிள்ளைக மிதிச்சா என்ன ஆகும் மாமா?"

"காலங்காலமா இப்படித்தான் சொருகுறோம். எவனுக்கு என்ன ஆச்சு?"

"ஆகுறதுக்கு முன்னாடியே நிப்பாட்டிட்டேன். அதுக்குப் பேரு திமிருன்னா, இருந்துட்டுப் போகட்டும்."

"ஜூஸ் சூடானா பிள்ளைக குடிக்க மாட்டாகளாக்கும்?" என்று யாரோ சொல்ல, கூட்டமே சிரித்தது. பதில் என் நாக்கு நுனியில் நின்றது. சொல்ல முடியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாயாடி என்று பெயர் எடுத்தவளுக்கு அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுபா வந்தாள்.

"அதுல ஜூஸ் மட்டும் இல்ல மாமா. எனக்குக் கொழந்தைக்காகப் போடுற ஊசி இருக்கு. சூடாயிட்டா இந்த மாசம் அம்புட்டும் போச்சு."

நான் ஃபிரிட்ஜைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்த்தேன். ஏழு! சுபா உடனே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள். எட்டைத் தாண்டவில்லை என்றால் தாராளமாகப் போடலாம் என்றார்கள். ஃபிரிட்ஜ் மறுபடி புளியமரத்தடிக்கும் என் பேட்டரிக்கும் திரும்பியது.

மாமா தன் கையாலேயே தீக்குச்சிகளைப் பிடுங்கி எறிந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, நம் வீட்டு ஆண்களுக்கு அந்த வார்த்தை அவ்வளவு சுலபத்தில் வருமா? ஒரு சேரை இழுத்துப் போட்டு ஃபிரிட்ஜ் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் பாட்டில் எடுக்கப் போனால், "சும்மா சும்மா தொறக்கக் கூடாதுத்தா" என்று என்னையே விரட்டுகிறார்! ஃபிரிட்ஜுக்குச் சொந்தக்காரி நான்!

சாயங்காலம் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து சுபா ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கண்ணாடி வழியாக உள்ளே எல்லாம் தெரிகிறது. என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள் அத்தைமார்கள் நாலு பேர் மாற்றுச் சேலைகளை விரித்துப் பிடித்து, காரைச் சுற்றி முதுகைக் காட்டி நின்றுவிட்டார்கள். ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை.

இவர்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான் நாங்கள் அத்தனை பாடுபட்டோம்!