ராயக்கோட்டை மேட்டில் இரண்டாம் சுற்று

கம்பெனி பஸ்ஸின் கடைசிப் படியில் வலது காலை வைத்தேன். இடது காலை இறக்கினேன். தரை தட்டுப்படவில்லை. ஓசூர் சிப்காட்டில் எங்கள் தொழிற்சாலை வாசலில் முழங்கால் அடிபட விழுந்தேன். பின்னால் இறங்கியவர்கள் தூக்கிவிட்டார்கள். "என்னா மஞ்சு, தூக்கக் கலக்கமா?" என்று லைன் லீடர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்கு முந்தைய வாரம் எனக்கு வயிற்றுப்போக்கு இருந்தது. இரண்டு நாளில் நின்றுவிட்டது. அதற்கும் காலுக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு. எட்டு மணி நேரம் நின்றபடி சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிறவளுக்குக் கால் மரத்துப்போவது புதிதில்லை. அன்று மாலை வீட்டில் குக்கரைத் தூக்க முடியவில்லை. மறுநாள் காலை கட்டிலை விட்டு எழ முடியவில்லை. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது.

ஓசூரில் பார்த்த டாக்டர் என் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவில்லை. இன்னொரு முறை தட்டினார். "பெங்களூர் கொண்டு போங்க. இப்பவே" என்றார். ஆம்புலன்ஸ் அத்திப்பள்ளியைத் தாண்டும்போது மூச்சு சிறுத்துக்கொண்டே வந்தது. அதைக் கணவர் மாதேஷிடம் சொல்ல நினைத்தேன். வாக்கியம் முடிவதற்குள் மூச்சு முடிந்துவிட்டது.

நோயின் பெயர் கில்லன் பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்). முதுகெலும்பிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். நரம்புக் கடத்தல் சோதனை செய்தார்கள் (மின்தூண்டல் நரம்பில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது). பெரிய டாக்டர் மாதேஷிடம் என் கட்டிலருகிலேயே விளக்கினார். "கிருமியை அடிக்கக் கிளம்பின சக்தி, ஆள் மாறி இவங்க நரம்பை அடிக்குது. மருந்து இருக்கு. மூச்சுக்கு மட்டும் மிஷின் வைக்கணும்."

"சரியாயிடுமா சார்?"

"பெரும்பாலானவங்களுக்கு ஆகும். எப்போன்னு மட்டும் கேக்காதீங்க."

ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் (தானமாகப் பெற்ற ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏறியது. வென்டிலேட்டரில் இருபத்தாறு நாள் இருந்தேன். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். கைகால் அசையாது, பேச வராது. கண் மட்டும் அசைந்தது.

எனக்கு நினைவு தப்பவே இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்த யாருக்கும் இது புரிந்திருக்காது. நான் தூங்குவதாக நினைத்து என் முன்னாலேயே பேசினார்கள். கடிகாரம் தலைக்குப் பின்னால் இருந்தது. தரை துடைக்கும் மருந்தின் வாசனை வந்தால் காலை. நர்ஸ்கள் மாறினால் மதியம். ஒரு கன்னட நர்ஸ், சளியை உறிஞ்சி எடுக்கும்போதெல்லாம் "ஆகுத்தே அம்மா, ஆகுத்தே" என்பார். ஆகும் அம்மா, எல்லாம் ஆகும் என்று அர்த்தம். அதற்குப் பதில் சொல்ல முடியாததுதான் அந்த நாட்களிலேயே எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

என் தம்பி சீனு என்னைவிட எட்டு வயது சின்னவன். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, உடல்திறன் தேர்வுக்காகத் தினமும் ஓடிக்கொண்டிருந்தவன். அவன்தான் அட்டையில் எழுத்துகளை எழுதி எடுத்துவந்தான். ஒவ்வொன்றாக விரல் வைப்பான். வேண்டிய எழுத்தில் நான் கண்ணை மூட வேண்டும். தமிழில் எத்தனை எழுத்துகள் இருக்கின்றன என்பது அன்றுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. முதல் நாள் நான் சொல்லி முடித்தது இரண்டே சொற்கள். 'கால் எங்கே.'

போர்வைக்குள் என் கால்கள் எந்தப் பக்கம் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் கேட்டேன். அவனோ கால் வலிக்கிறது என்று புரிந்துகொண்டான். போர்வையை விலக்கி, பார்வை நேரம் முடியும்வரை இரண்டு கால்களையும் பிடித்துவிட்டான். அவன் தோள்கள் அசைவது தெரிந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் தம்பி வேறு யாருடைய கால்களையோ அமுக்கிக்கொண்டிருந்தான்.

உடல்திறன் தேர்வுக்கு அவன் போகவில்லை. இதை நான்கு மாதம் கழித்து, வீட்டுக்கு வந்த பிறகு, அம்மா சொல்லித்தான் அறிந்தேன். அடுத்த ஆண்டு வயது வரம்பைத் தாண்டிவிட்டான். இப்போது மோட்டார் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறான்.

வீடு திரும்பியபோது நான் சக்கர நாற்காலியில் இருந்தேன். நான்கு வயது மகள், கழுத்துத் தழும்பைப் பார்த்து அம்மாவின் சேலைக்குப் பின்னால் போனாள். என்னிடம் வர ஒன்பது நாள் ஆயிற்று. பிறகு வாக்கர். பிறகு காலில் தாங்கி (பாதம் தொங்காமல் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பட்டை). ஒன்றரை ஆண்டில் தாங்கியும் போனது. கம்பெனியில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள்.

இதே நோயிலிருந்து மீண்டுகொண்டிருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நடக்கத் தொடங்கியதும் எல்லோரும் "நல்லாயிட்டியே" என்பார்கள். அதற்குப் பிறகுதான் தனிமை கூடும். மதியம் மூன்று மணிக்கு மேல் உடம்பு மொத்தமும் ஈரத் துணிபோலக் கனக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. நல்லாயிட்டவள் மறுபடி மறுபடி முடியவில்லை என்று சொல்ல முடியுமா? நான் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

சீனு ஓடுவதை மட்டும் விடவில்லை. காலையில் அவனோடு நானும் போய் நடப்பேன். முதலில் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை. பிறகு தெருமுனை. பிறகு தொரப்பள்ளிச் சாலை. சானமாவு காட்டிலிருந்து யானை இறங்கியிருப்பதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் அன்று வேறு பக்கம் போவோம். மூன்றாம் ஆண்டு ஒரு நாள், ஒரு நாய் துரத்தியதில் நான் ஓடினேன். நாய் நின்ற பிறகும் பத்தடி ஓடினேன். சீனு சாலை நடுவில் நின்று கை தட்டினான்.

ராயக்கோட்டைப் பக்கம் மலைச்சாலையில் மாரத்தான் நடக்கப்போவதாகக் கம்பெனி நோட்டீஸ் பலகையில் பார்த்தபோது நான்தான் இருவர் பெயரையும் கொடுத்தேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ஒரே மேட்டை இரண்டு சுற்று. என்னால் எந்தப் போட்டிக்கும் போகாமல் இருந்துவிட்ட தம்பிக்கு நான் செய்வது இது என்று நினைத்தேன். அவனோ எனக்காக வருவதாக நினைத்துக்கொண்டிருந்தான். இதை நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. டாக்டர் தடுக்கவில்லை. "ஓடுங்க, நடங்க. ஆனா களைப்பைத் தாண்டிப் போகாதீங்க. பாதம் தொங்கினா நிறுத்திடணும்" என்றார். பதினோரு மாதம் பயிற்சி செய்தேன்.

காலை ஐந்தரைக்குத் தொடங்கினோம். மாதேஷ் பைக்கில் உப்புப் போட்ட மோரும் அவித்த உருளைக்கிழங்கும் வைத்துக்கொண்டு முன்னால் முன்னால் போய் நின்றார். சுற்று முடியும் இடத்தில் அம்மாவும் மகளும் புளியமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் ஏற்றத்தில் நடந்தேன், இறக்கத்தில் மெதுவாக ஓடினேன். சீனு என் வேகத்துக்குத் தன் கால்களைச் சுருக்கிக்கொண்டு பக்கத்திலேயே வந்தான்.

முதல் சுற்று முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போது சொன்னான்.

"அக்கா, உன் கால் சத்தம் மாறிடுச்சு."

"என்னா சத்தம்?"

"இடது கால் தரையில அறையுது. ரெண்டு கிலோமீட்டரா கேட்டுக்கினே வரேன்."

எனக்கு அது கேட்டிருக்கவில்லை. புளியமரத்தடிக்கு வந்து சேர மூன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. அம்மா துண்டை நீட்டினாள். சீனு என் முன்னால் வந்து நின்றான்.

"போதும்க்கா. பாதி தூரம் வந்ததே பெருசு. நிறுத்திக்கலாம்."

"ஓடல. நடந்தே போறேன்."

"நடக்கவும் வேணாம்."

"டாக்டர் நடக்கக் கூடாதுன்னா சொன்னாரு? எனக்குத் தெரியும்டா என் உடம்பு."

அவன் கையிலிருந்த பாட்டிலைக் கீழே போட்டான். அவன் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"நீ உள்ள படுத்திருந்த. நான் வெளிய உக்காந்திருந்தேன். கதவு தொறக்கறப்பல்லாம் உன் பேரச் சொல்லித்தான் கூப்புடப் போறாங்கன்னு எழுந்து நின்னுடுவேன். மாமாவே ஒடஞ்சு போயிருந்தாரு. அம்மாகிட்டச் சொல்ல முடியுமா? நான் யார்கிட்டக்கா சொல்றது? இன்னொரு வாட்டி என்னால ஆகாது."

மாதேஷ் பைக்கின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா என் மகளைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

நான்கு ஆண்டுகளாக அந்த அறைக்குள் நான் ஒருத்திதான் இருந்தேன் என்று நினைத்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் இருபத்து நான்கு வயதுப் பையன் ஒருவன், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பற்றி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நன்றி சொல்லியிருக்கிறேன். கேட்டதில்லை.

பாயில் உட்கார்ந்தேன். "பத்து நிமிஷம் குடு. அப்புறம் நீயே பாரு. நீ வேணாம்னா வேணாம்" என்றேன். காலை நீட்டிக்கொண்டு மோர் குடித்தேன்.

பத்து நிமிடம் கழித்து, பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தபடி குதிகாலால் நடக்கச் சொன்னான் சீனு. பாதத்தின் முன்பகுதி தரையில் படக் கூடாது. முதல் நான்கு அடி தடுமாறியது. பிறகு இடது பாதம் நிமிர்ந்து நின்றது. மறுபடி நடக்கச் சொன்னான். மறுபடி நடந்தேன். குனிந்து கணுக்காலைப் பிடித்துப் பார்த்தான்.

"நடக்கறது மட்டும்தான்" என்றான். "இறக்கத்துலயும் ஓடக் கூடாது. மாமா ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு தரம் நின்னு கால் பாக்கணும். தொங்குச்சுன்னா பைக்ல ஏறிடணும்."

"ஏறிடறேன். ஆனா நீ என்கூட வரக் கூடாது."

"ஏன்?"

"என்கூட வந்தா நீ ஓடின கணக்கே இல்ல. உன் வேகத்துல போ. முடிச்சிட்டு என்னைத் தேடித் திரும்பி வராத. அங்கயே இரு."

அவன் அம்மாவைப் பார்த்தான். "போடா, நாங்கல்லாம் இருக்கறோம்" என்றாள் அம்மா. அவன் ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான். ஓடத் தொடங்கியபோது முதல் ஐம்பதடி என் வேகத்திலேயே போனான். பிறகு கால்கள் நீண்டன. வளைவில் மறையும்போது திரும்பிப் பார்க்கவில்லை. என் தம்பி இவ்வளவு அழகாக ஓடுவான் என்பதை நான் முதன்முறையாகப் பார்த்தேன்.

இரண்டாம் சுற்றில் சாலை காலியாக இருந்தது. வெயில் ஏறிவிட்டது. தக்காளித் தோட்டங்கள், பெரிய பாறைகள், மேலே போகப் போக வெறும் முள்மரங்கள். சீனு சொன்னபடி மாதேஷ் நின்று கணுக்காலைப் பார்ப்பார், மோர் தருவார், "சரியா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் போய்விடுவார். பைக் சத்தம் ஓய்ந்ததும் என் காலடிச் சத்தம் மட்டும் இருக்கும்.

ஓரிடத்தில் தக்காளிக் கூடை அடுக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். தெலுங்கில் பேசத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"எல்லாரும் போயிட்டாங்களேம்மா. பின்னால யாராவது வராங்களா?"

"இல்லக்கா. நான்தான் கடைசி."

"மெதுவா போ. ரோடு எங்கயும் போவாது."

கடைசி மேட்டில் அழுதேன். வலியால் இல்லை. என்னை யாரும் பிடித்திருக்கவில்லை, யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மருத்துவமனைக்குப் பிறகு இப்படி ஒரு மணி நேரம்கூட இருந்ததில்லை. அது மகிழ்ச்சிதானா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. உடம்பும் நானும் மட்டும் அந்த மேட்டில் இருந்தோம். ஒருவரை ஒருவர் அவ்வளவாக நம்பாத இரண்டு பேர் சேர்ந்து நடப்பதுபோல நடந்தோம்.

போட்டி முடியும் இடத்துக்கு நான் வந்தபோது நேரக் கெடு முடிந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. பேனரை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். "உங்க பேர் லிஸ்ட்ல வராது மேடம்" என்று ஒரு தன்னார்வலர் சங்கடத்தோடு சொன்னார். பரவாயில்லை என்றேன்.

சீனு திரும்பி வரவில்லை. சொன்ன இடத்திலேயே, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக, சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ரெண்டாவது சுத்து எவ்ளோ நேரம்டா?"

"ஒண்ணு அம்பத்தாறு" என்றான். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. தன் கால்களைப் பார்த்தான்.

"அந்த இருபத்தாறு நாள் எங்கடா சாப்புட்ட?" என்று கேட்டேன். மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். அம்மாவும் மகளும் புளியமரத்தடியிலிருந்து எழுந்து வந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தான்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. மறுநாள் காலை இடது கால் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. இரண்டு வாரத்தில் சாக்ஸோடு சேர்ந்து கழன்று வந்தது. அந்த விரலுக்கு உணர்ச்சி திரும்பவில்லை, இனித் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நகம் போனதும் எனக்குத் தெரியவில்லை, வலிக்கவும் இல்லை. சாக்ஸை உதறும்போது தரையில் விழுந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது.

இப்போது அடியில் புது நகம் பாதி வளர்ந்திருக்கிறது. முழுதாக வர இன்னும் பல மாதம் ஆகும் என்றார் டாக்டர். எந்த மாதம் என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குளித்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து அதைத் தொட்டுப் பார்ப்பேன். விரலுக்கு என் கை தெரியாது. என் கைக்கு நகம் தெரியும். போன வாரத்தைவிட ஒரு நூலளவு முன்னால் வந்திருக்கும்.