மொட்டையும் குட்டி பூட்ஸும்

வரலாற்று டீச்சருக்கு ராஜாக்களால் தொல்லையே இல்லை, அவர்கள் செத்துப்போய்விட்டார்கள். உயிரோடு இருப்பவர்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு எடுக்கும் பாவப்பட்டவர்களே, உங்களுக்குப் புரியும்.

ரோம் பாடம்

'கலிகுலான்னா இன்னா டீச்சர்?' என்றான் கடைசி பெஞ்சுக்காரன். சொன்னேன். நிஜப் பெயர் கேயஸ். அப்பா படைத்தளபதி. பிள்ளையையும் முகாமுக்குக் கூட்டிப்போய், காலில் சிப்பாய் பூட்ஸ் மாட்டிவிட்டார்கள். சிப்பாய்கள் 'குட்டி பூட்ஸ்' என்று கொஞ்சினார்கள். அதுதான் கலிகுலா. ராஜாவான பிறகு அந்தப் பெயரைக் கேட்டாலே அவனுக்கு ஆகாதாம்.

உடனே அந்தக் கடைசி பெஞ்சுக்காரன், முன் பெஞ்சு தேவிகாவைக் காட்டினான். மலைக்கோயிலில் முடி கொடுத்துவிட்டு வந்த பெண். திருத்தணி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எதிரில் வருவதெல்லாம் சந்தனம் பூசிய மொட்டைத் தலைதான். இந்த ஊரில் இருந்துகொண்டு இதற்கு ஒரு கேலி! 'ராஜாவையே வுடல, நம்ம மொட்டைய வுடுவமா?' என்றான். வகுப்பே சிரித்தது.

ஸ்டாஃப் ரூம்

பசங்களை விடுங்கள். பி.டி. சார் பிரேயரில் மைக்கிலேயே 'மொட்டை, நேரா நில்லு' என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பெயர் தெரியாதா என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: 'பாசமா கூப்புடறோம் மேடம், இதுக்குப் போயி டென்ஷன் ஆவறீங்களே!'

கே.ஜி.கண்டிகை

அதிலிருந்து நாலு நாள் தேவிகா வரவில்லை. பள்ளிக்கூடமே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். கோபத்தோடு பஸ் ஏறி கே.ஜி.கண்டிகையில் அவள் வீட்டுக்கே போனேன்.

வாசலில் அவள் அப்பா. 'ஏய் மொட்டை, டீச்சர் வந்துகிறாங்க பாரு!' என்று உள்ளே குரல் கொடுத்தார். பெற்றவருமா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரையும் ஒரு பிடி பிடித்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தேவிகா ஓடிவந்து குறுக்கே நின்றாள். அப்பா மாமரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாராம். அவர் கண் திறந்தால் முடி தருகிறேன் என்று வேண்டிக்கொண்டது அவளேதானாம்.

'நைனாவ திட்டாதீங்க டீச்சர். அவரு கூப்டலாம், எதுக்கு மொட்டைன்னு அவருக்குத் தெரியும். உங்க ஸ்கூல்ல ஒருத்தராவது கேட்டீங்களா?'

ரோமாபுரி ராஜாவின் பட்டப்பெயருக்கு வேர் வரைக்கும் விளக்கம் சொன்ன எனக்கு, முன் பெஞ்சில் இருந்தவளிடம் 'எதற்கம்மா மொட்டை?' என்று ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை.