செம்பட்டிக்குப் போய்ச் சேராத டீச்சர்

மகள் போன் செய்தபோது மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். "எம்மா, அத்தை போயிட்டாகம்மா" என்றாள். செம்பைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. போனது ரீத்தம்மாள் டீச்சர், என் மகளின் மாமியார், எனக்குச் சம்பந்தி. முப்பதாம் நாள் பூசைக்கு வரும் இந்த நினைவு மலரில் அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் நல்லதாக நாலு வார்த்தை எழுதியிருப்பீர்கள். நான் எழுதுவது எல்லாமே நல்லதாக இருக்காது.

கல்யாணப் பந்தியில் எங்கள் பிரியாணிக்கு உப்புக் கூடிவிட்டது என்று மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். யார் யார் என்று இன்றும் பெயர் சொல்லுவேன். டீச்சர் மட்டும் மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "உப்பு கூடுனாத்தான் சம்மந்தி சாப்பாட்டை மறக்க மாட்டாக" என்று சிரித்தார். மார்க்கெட்டில் பூ விற்ற என்னை அந்த வீட்டில் வாய் நிறையச் சம்பந்தி என்று அழைத்தது அவர் ஒருவர்தான்.

பிறகு அவருக்கு முதுகெலும்பில் புற்று வந்தது. குலுங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் அனுப்பினார். மகனின் பழைய காரில் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். அப்படி இருந்த காருக்குத்தான் மாப்பிள்ளை பெரிய சக்கரம் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"சக்கரம் பெருசா இருந்தா பள்ளமே தெரியாதும்மா" என்றார். பழைய சக்கரங்களைப் புதுசு வாங்கிய கடையிலேயே கொடுத்துவிட்டாராம். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் டீச்சர் என் காதருகே குனிந்தார்.

"பெருசானது இரும்புதான் சம்மந்தி. ரப்பர் இளைச்சுப் போச்சு. காத்து நிக்கிறதுக்கு இடமே இல்ல. கல்லு மேல ஏறுனா கல்லு மேலயே உக்காந்த மாதிரி இருக்கு."

"மாப்பிள்ளைக்கிட்ட சொல்லுங்க."

"ஆசையா வாங்கிட்டு வந்திருக்கான். முகம் வாடிப்போவான்."

டீச்சர் பெயரை இழுக்காமல் நானே வாசலில் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். "அத்தை, இது பூக் கட்டுற வேலையா? காரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் மாப்பிள்ளை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அதையும் நான் மறக்கவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. செம்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் டீச்சரின் ஊரில் அவருடைய அம்மாவுக்கு மண் கல்லறை. சிலுவை எப்போதோ உளுத்து விழுந்துவிட்டது. எந்த மேடு என்பது டீச்சர் ஒருவருக்குத்தான் தெரியும். வருஷா வருஷம் போய் மண் அணைத்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார். "இந்தத் தடவை அவனுக்கு இடத்தைக் காட்டிடணும் சம்மந்தி. எனக்கப்புறம் யாரு ஏத்துவா?" என்றார். வாடகைக் கார் பிடிப்போம் என்றேன். "பெத்த புள்ள கார் வாசல்ல நிக்கையிலயா?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டார்.

செம்பட்டி ரோட்டில் ஒவ்வொரு தார் ஒட்டுக்கும் அவர் உடம்பு தூக்கிப் போட்டது. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டார். நான் கட்டிக் கொடுத்த செவ்வந்தி மாலை அவர் மடியில் நசுங்கியது. முன்னாலிருந்து மாப்பிள்ளை, "எப்படிம்மா இருக்கு வண்டி?" என்றார். டீச்சர் முந்தானையை எடுத்துவிட்டு, "கப்பல் மாதிரி போகுதுய்யா" என்றார். நான் வாயைத் திறந்தேன். என் தொடையில் கிள்ளினார்.

செம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பள்ளம். டீச்சரிடமிருந்து வந்த சத்தத்தை மனுஷச் சத்தம் என்று சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை பதறிப்போய் நிறுத்தினார். அப்போதும் அந்த மனுஷி என்ன சொன்னார் தெரியுமா? "வெயில் தாங்கலய்யா. வீட்டுக்குத் திருப்பு."

மாப்பிள்ளை ஏசியைக் கூட்டி வைத்தார். "அடுத்த வருஷம் வருவோம்மா" என்றார். வந்த ஒட்டு அத்தனையும் திரும்பிப் போகும்போதும் இருந்தன. அதற்குப் பிறகு டீச்சர் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

கடைசி நாட்களில் என்னைக் கூப்பிட்டு, "அவனுக்குத் தெரிய வேணாம். அவன் மேல மனசுல எதுவும் வச்சுக்காதீக சம்மந்தி" என்றார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை அழுதுகொண்டே வந்தவர்களிடம், "எங்கம்மாவுக்கு அந்த வண்டின்னா உயிரு. கப்பல் மாதிரி போகுதுன்னு சொன்னாக" என்றார். கேட்டுக்கொண்டு நின்றேன்.

டீச்சர், உங்களுக்காக இத்தனை நாள் வாயை மூடியிருந்தேன். இனி முடியவில்லை, எழுதிவிட்டேன். வருகிற கல்லறைத் திருநாளுக்கு உங்கள் அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்றலாம் என்றால், எந்த மேடு என்று கேட்க ஆள் இல்லை. மாப்பிள்ளை உங்கள் மேல் வைத்த ஆசையில்தான் செய்தார், எனக்கும் தெரியும். ஆனாலும் மனதில் எதுவும் வைக்காதீர்கள் என்றீர்களே, வைத்திருக்கிறேன். நீங்கள் எனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். அதையும் இறக்கி வைத்துவிட்டால் நான் வெறுங்கையோடு நிற்பேன்.