சந்தனம் வைத்த மூலை

பாயான் பாருவில் எங்கள் சங்கத்து மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. அதில் ஒரு டஜன் கம்ப்யூட்டர்கள். எல்லாம் அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் வேண்டாமென்று தள்ளியவை. நான் ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிறவன். கம்ப்யூட்டரை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். அந்தப் பெட்டிகளுக்கு லினக்ஸ் போட்டுக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அது இலவசம் என்று யாரோ வாய்விட்டுவிட்டார்கள். எங்கள் சங்கத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற மரியாதை தலைவருக்குக்கூடக் கிடையாது.

லினக்ஸ் ஒன்றுதான், ஆனால் திரையில் நாம் பார்க்கிற முகப்பு பல வகை. தெம்பான பெட்டிகளுக்குப் பளபளப்பான முகப்பு, நடுத்தரத்துக்கு இன்னொன்று, மூச்சு வாங்குகிற கிழடுகளுக்கு இருப்பதிலேயே லேசானது என்று மூன்று விதமாகப் போட்டேன். வயிறறிந்து சோறு போட்டுவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

சாப்பிட வேண்டியவர்களுக்குத்தான் அஜீரணம். ஒரு முகப்பில் மெனு கீழே இடது மூலையில், இன்னொன்றில் மேலே இடது மூலையில், மூன்றாவதில் மேலே வலது ஓரத்தில். கடிதம் எழுதும் புரோகிராமுக்கு ஓரிடத்தில் நீலப் படம், ஓரிடத்தில் வெள்ளைப் படம். ஒன்றில் பின்னணியாக மலை, ஒன்றில் எலி.

வகுப்பை நடத்துகிறவர் ஓர் அக்கா. பல வருடம் ஃபேக்டரியில் லைனில் நின்றவர். ஆள் குறைத்தபோது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இருந்த மாதங்களைப் பற்றிக் கேட்டால், "சுவத்துல பல்லி எத்தனைன்னு எனக்குத் தெரியும், பல்லிக்கும் என்னைத் தெரியும்" என்பார். அவர் தானாகவே கற்றுக்கொண்டு, கேக் விற்கிற, துணி தைக்கிற பெண்களைச் சேர்த்து, கடிதம் அடிக்கவும் விலைப்பட்டியல் போடவும் சொல்லித்தர ஆரம்பித்தார். நாசி கண்டார் சோற்றுக்கடை பாய் ஒருவரும் வந்து சேர்ந்தார். அந்த அறையில்தான் அக்காவை எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். தையல்கார அம்மா ஒருவரைப் பார்த்து, "ஒரு லெட்டர் அடிச்சிக் காட்டும்மா" என்றார். அந்த அம்மா தன் பெட்டியை நோக்கி நடந்தார். "அங்க எதுக்கு? இதுல அடி லா" என்று தலைவர் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அது வேறு முகப்பு. அந்த அம்மா உட்கார்ந்து மலையைப் பார்த்தார், மௌஸைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு ஊர் மாதிரில்ல இருக்கு. பாஸ்போர்ட் வேணும் போல," என்றார் தலைவர். "தீபாவளி முடிஞ்சி வரேன். அப்பவும் இப்படித்தான்னா, கல்யாணத் தட்டு, பிங்கான் மங்கெல்லாம் அடுக்க எனக்கு எடம் இல்ல, இந்த ரூமை எடுத்துக்குவோம்."

அவர் போன பிறகு அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "மறுபடியும் பல்லியா?" என்றார், அவ்வளவுதான்.

நான் வீட்டில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். முகப்புகளை மாற்ற முடியாது, கிழட்டுப் பெட்டிக்குப் பளபளப்பைப் போட்டால் படுத்துவிடும். ஆகவே மூன்றுக்கும் ஒரே சட்டை தைப்பது என்று முடிவு. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பொதி, அதாவது பேக்கேஜ்: பின்னணி, எழுத்துரு, படங்கள், சங்கத்துச் சின்னம், மெனு இருக்க வேண்டிய மூலை. அதோடு ஒவ்வொரு முகப்புக்கும் ஒரு குட்டிப் பொதி. அதன் வேலை, பொதுவானதில் நான் எழுதியதை அந்தந்த முகப்பின் பாஷையில் எடுத்துச் சொல்வது. முகப்புகள் மூன்றும் ஒரே வீட்டு மருமகள்கள் மாதிரி. ஒன்றிடம் சொன்ன விதத்தில் இன்னொன்றிடம் சொன்னால் காதிலேயே வாங்காது.

பின்னணிக்கு என்ன படம் என்று வகுப்பில் கேட்டது என் தப்பு. கேக் போடுகிற பெண் அம்மன் படம் வேண்டும் என்றார்.

"சாமி மூஞ்சி மேல எவ ஐகான் வைப்பா?" என்றார் அக்கா. "எல்லாத்தையும் ஓரமா ஒதுக்கி வச்சிட்டு கும்பிட்டுக்கிட்டே உக்காந்திருப்பாளுங்க."

"அப்ப நம்ம கடல் பாலத்தைப் போடு தம்பி," என்றார் பாய்.

"பாலத்தைப் பாத்தா ஜாம்தான் ஞாபகம் வரும். எனக்கு இப்பவே கால் பிரேக்கத் தேடுது," என்றார் தையல்கார அம்மா.

கடைசியில் படமே வேண்டாம், நாம் குடிக்கிற சிராப் பண்டுங் ரோஸ் பாலின் நிறம் போதும் என்று தீர்ந்தது. உள்ளே நுழையும் திரையில் 'நல்வரவு' என்று போட்டிருந்தேன். அக்கா அதை வெட்டிவிட்டார். "கல்யாண மண்டபமா இது? வாங்கன்னு போடு." போட்டேன்.

தலைவர் வருவதற்கு முந்தின சனிக்கிழமை காலை எல்லாப் பெட்டிகளிலும் பொதிகளை ஏற்றினேன். ஒரு டஜன் திரையும் ஒரே ரோஜா நிறம், ஒரே 'வாங்க', மெனு எல்லாவற்றிலும் கீழே இடது மூலையில். யூனிஃபார்ம் போட்ட பள்ளிக்கூடம் மாதிரி நின்றன. பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு மெனு திறக்கவில்லை.

பார்த்தால் ஒருவர் மௌஸை மேல் மூலைக்குக் கொண்டுபோய் அமுக்குகிறார், ஒருவர் வலது ஓரத்தில் அமுக்குகிறார். அமுக்குகிற இடத்துக்கு நேரே, திரையின் சட்டத்தில், காய்ந்த சந்தனப் பொட்டு.

"இது சரஸ்வதி பூசைக்கு வச்சதுதானே?" என்றேன். பூசையன்று எனக்கு ஷிஃப்ட், போகவில்லை.

"பூசைக்கும்தான்," என்றார் அக்கா. "மெனு எங்க இருக்கோ அங்க வச்சேன். ஸ்டிக்கர் ஒட்டினா பிச்சிப் போட்டுடுவாளுங்க. பொட்டு மேல எவளும் கை வைக்க மாட்டா. இப்பதான் எந்தப் பெட்டியில உக்காந்தாலும் பொட்டைப் பாத்து அமுக்கறாளுங்க. நீ வந்து மூலையைத் தூக்கிட்டுப் போயிட்ட."

"எனக்கு அது சந்தனம் இல்ல தம்பி, சிக்னல் லைட்டு," என்றார் பாய். "லைட்ட விட்டுட்டு ரோட்டை மாத்திட்டியே."

ஒரே கோளாறுக்கு நான் வீட்டில் ஒரு வைத்தியம், அக்கா பூசையில் ஒரு வைத்தியம். மூலையைப் பற்றி இரண்டு பேரும் மற்றவரிடம் சொல்லவில்லை. அடுத்த நாள் தலைவர்.

"துடைச்சிடலாமா அக்கா?"

"பூசைக்கு வச்சத நான் துடைக்க மாட்டேன். தானா உதிரணும்."

"நான் துடைக்கறேன்."

"துடைச்சிப் பாரு," என்றார். நான் துடைக்கவில்லை.

மெனு எந்த மூலையில் இருக்க வேண்டும் என்று இணையத்தில் ஆட்கள் மாசக்கணக்கில் அடித்துக்கொள்வார்கள். நானும் கீழ் இடதுக்காகப் போய்ப் பேசியவன்தான். கிழட்டுப் பெட்டிகள்தான் அறையில் அதிகம், அவற்றின் பொட்டு மேலே இடது மூலையில். ஆகவே மேல் இடது ஜெயித்தது. பொதுப் பொதியில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். குட்டிப் பொதிகள் மூன்றும் அதை அவரவர் பாஷையில் சொல்லிக்கொண்டன. பாய் டீ வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாப் பெட்டியிலும் மெனு மேலே ஏறிவிட்டது. அத்தனை நாள் தைத்த சட்டைக்கு அந்த நிமிடம்தான் அர்த்தம் வந்தது.

மிச்சம் இருந்தது வேறு மூலையில் பொட்டு வைத்த பெட்டிகள். அக்கா சந்தனம் குழைத்து அவற்றின் மேல் இடதிலும் ஒன்று வைத்தார். பழையதைத் தொடவில்லை. "பழசு காஞ்சது, புதுசு ஈரம். ஈரத்த அமுக்குங்க," என்று வகுப்புக்குச் சொன்னார். பெரிய கம்பெனிகள் புது வெர்ஷனுக்கு இவ்வளவு சுருக்கமாக விளக்கம் எழுதி நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் வந்ததும் முதல் வேலையாக, "எல்லாரும் எந்திரிங்க, எடம் மாறி உக்காருங்க," என்றார். மாறினார்கள். "இன்னொரு தடவை." மறுபடி மாறினார்கள். தையல்கார அம்மாவுக்கு ஆகக் கிழடான பெட்டி கிடைத்தது. அக்கா தன் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றார். அந்த அம்மா பொட்டைப் பார்த்தார், அமுக்கினார், மெனு விரிந்தது. தலைவருக்கு மண்டபம் கேட்டு நாலு வரி லெட்டர் அடித்துக் காட்டினார், மற்றவர்களும் அடித்தார்கள்.

தலைவர் குனிந்து குனிந்து ஒவ்வொரு திரையாகப் பார்த்தார். "இதுல எது புதுசு, எது பழசு?"

"உங்களுக்குத் தெரியுதா, தலைவரே?" என்றார் பாய்.

அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனமில்லை. "உள்ள வரப்போ என் படம் ஒண்ணு போடலாமே," என்றார்.

"போடலாம் அண்ணே," என்றார் அக்கா. "ஆனா இப்ப எல்லாம் ஒண்ணு. போட்டா ஒரு டஜன்லயும் நீங்கதான் வருவீங்க. திறந்தவுடனே உங்களைப் பாத்து யாராச்சும் பயந்துட்டா நான் பொறுப்பில்ல லா."

முதலில் சிரித்தது தலைவர்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து அறைச் சாவியை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். "நீயே வச்சிக்கம்மா. ஒவ்வொரு வாட்டியும் என்கிட்ட வந்து வாங்காத."

அக்கா சாவியை வாங்கிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். பெண்கள் கைதட்டிவிட்டு எழுந்து பைகளைத் தேட ஆரம்பித்தார்கள்.

"யாரு சொன்னா முடிஞ்சிருச்சின்னு?" என்றார் அக்கா. "லெட்டர்ல ஒருத்தியும் தேதி போடல. உக்காருங்க."