அண்ணாச்சி கட்டிய நீச்சல் குளம்

கேட்டைத் தாண்டி வெகுதூரம் நடந்த பிறகும் அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மணலுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக வீடுகள், சுற்றிலும் முள்வேலி. எழுபதுகளில் அபுதாபிக்கு மேற்கே, எண்ணெய்க் கம்பெனிக்காகக் கடலோரம் எழுந்த ஊர் அது. நாங்கள் வந்து இறங்கியபோது அங்கே நிழலுக்கு ஒரு செடி கிடையாது. வீடும் கிளப்பும் தெருவிளக்கும் ஒவ்வொன்றாக முளைத்ததைப் பார்க்க, கட்டிய எனக்கே மலைப்பாக இருந்தது. ஆனால் வேலை முடிய முடிய, வேலி எங்களை வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. கிளப் வாசலில் 'சீனியர் ஸ்டாஃப் மட்டும்' என்று பலகை மாட்டினார்கள். சீனியர் என்றால் வெள்ளைக்காரர். பட்டம் படித்த சென்னை இன்ஜினியருக்கும் உள்ளே ஒரு டீ கிடையாது.

அண்ணாச்சி டைல் மேஸ்திரி, திருநெல்வேலிக்காரர். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். கிளப்பின் நீச்சல் குளம் அவர் கைவேலை. கசிவு பார்ப்பதற்காக அதில் நல்ல தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார்கள். எங்கள் கேம்புக்கு டேங்கரில் வந்ததோ சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணீர். ஒரு வெள்ளிக்கிழமை அண்ணாச்சி சுவரில் போட்டிருந்த குறியைக் குனிந்து பார்த்தார். மட்டம் குறையவில்லை. சட்டையைக் கழற்றினார். "எலே, சோப்ப வெளியே வச்சிட்டு வாங்கலே. இதென்ன உங்க ஊரு வாய்க்காலா?" என்றார். கேம்பே இறங்கியது. பாலைவனத்துக்கு நடுவில் கழுத்தளவு நல்ல தண்ணீர்! நான் முங்கி முங்கி எழுந்தேன். அண்ணாச்சி கண்ணை மூடி மல்லாந்து மிதந்தார்.

நாங்கள் இறங்கியது தெரிந்ததும், மறுநாள் குளத்தைக் காலி செய்தார்கள். அத்தனை தண்ணீரும் மணலுக்குப் போயிற்று. இன்ஜினியர் வந்து தணிந்த குரலில் பேசினார். "அண்ணாச்சி, தெரியாம இறங்கிட்டோம்னு சொல்லிடுங்க. ப்ளீச்சிங் பவுடர் போட்டு நீங்களே தேய்ச்சு விட்டுடுங்க. இல்லன்னா விசா குடுத்த கபீல் உங்களை ஊருக்கு அனுப்பிடுவான்."

"தெரிஞ்சுதான் சார் எறங்குனோம். நீங்களும் வந்திருக்கலாம்" என்றார் அண்ணாச்சி. "நான் ஒட்டுன டைலு. அழுக்கா இருந்தா நானே தேய்ப்பேன். அதுல அழுக்கு இல்ல."

அண்ணாச்சி கரண்டியையும் ரசமட்டத்தையும் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். ஊருக்கு அனுப்பப்பட்டால் அவருக்கு அங்கே எதுவும் இல்லை. விசாவுக்காக வீட்டை விற்றுவிட்டு வந்தவர். அது தெரிந்தும் அவர் நடையில் ஒரு தடுமாற்றம் இல்லை. அந்த நடைக்குப் பின்னால்தான் நானும் போனேன். பெரிய ரோட்டில் ஒரு லாரி எங்களை ஏற்றிக்கொண்டது.

மறுநாள் காலை அபுதாபியில், பள்ளிவாசல் கட்டிக்கொண்டிருந்த கீழக்கரை பாய் ஒருவரிடம் போய் வேலை கேட்டோம். "கம்பெனி வேலைய எதுக்கு விட்டீங்க?" என்றார் அவர். ஏதாவது பொய் சொல்லுங்கள் என்று அண்ணாச்சியின் முழங்கையை இடித்தேன்.

"வெள்ளைக்காரன் குளத்துல குளிச்சிட்டோம் பாய்."

"எத்தன பேரு?"

"கேம்ப் மொத்தமும்."

பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். "கபீல்ட்ட நான் பேசிக்கிறேன். இங்க ஒளு செய்யுற எடத்துக்கு டைல் ஒட்டணும். தொழ வர்றவங்க எல்லாரும் வரிசையா ஒக்காந்து கை கால் கழுவுவாங்க. தண்ணி தேங்கக் கூடாது, பாத்துக்குங்க."

அண்ணாச்சி தண்ணீர் ஓடும் வாட்டம் பார்க்க நூல் கட்டினார். நான் சிமென்ட் குழைக்கப் போனேன்.